சின்ன உழவரின் பெயரால்

பொதுப்பணத்தின் வரலாறு – பகுதி 9

சென்ற வாரம் அமெரிக்காவைப் பார்த்தோம். 1933-ல் ரூஸ்வெல்ட் ஆட்சியில் தொடங்கிய விவசாய மானியத்தை யார் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டு ஒரு நாளிதழ் நீதிமன்றம் போனது. 1996-ல் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2001-ல் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு லட்சக்கணக்கான பெயர்களைத் தொகைகளோடு இணையத்தில் ஏற்றியது. இந்த வாரம் அட்லாண்டிக்கின் மறுகரைக்குப் போகிறோம். அதே கேள்வி அங்கே பல நாடுகளில், பல மொழிகளில் எழுந்தது. அதற்குக் கிடைத்த பதில் இன்னும் சிக்கலானது, நாம் கற்றுக்கொள்ள இன்னும் அதிகம் உள்ளது.

பசியில் பிறந்த கொள்கை

1944-ன் குளிர்காலம். ஜெர்மன் ராணுவம் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்குப் போகும் உணவை மறித்தது. நகரத்து மக்கள் சர்க்கரைக் கிழங்கையும் துலிப் பூவின் கிழங்கையும் வேகவைத்துத் தின்றார்கள். அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ 20,000 பேர் இறந்தார்கள். போர் முடிந்ததும், 1945-ல், அந்த நாட்டின் விவசாய அமைச்சர் பொறுப்பு சிக்கோ மான்ஸ்ஹோல்ட் என்பவரிடம் வந்தது. உழவர் குடும்பத்தில் பிறந்து தானே நிலம் உழுதவர். ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தில் இருந்தவர். அப்போது அவருக்கு வயது 36. இனி ஐரோப்பாவில் எவரும் பசியால் சாகக்கூடாது என்பதே அவருடைய அரசியலின் அடிப்படை.

1957-ல் ஆறு நாடுகள் ரோம் நகரில் ஒப்பந்தம் போட்டு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கின. விவசாயத்தின் உற்பத்தியைப் பெருக்குவது, உழவருக்கு நியாயமான வாழ்க்கைத் தரம், தட்டுப்பாடில்லாத உணவு, நுகர்வோருக்குக் கட்டுப்படியாகும் விலை ஆகியவை அந்த ஒப்பந்தத்திலேயே இடம்பெற்றன. அந்தச் சமூகத்தின் முதல் விவசாய ஆணையர் ஆனவர் மான்ஸ்ஹோல்ட். 1962-ல் பொது விவசாயக் கொள்கை நடைமுறைக்கு வந்தது.

அது இயங்கிய விதம் இதுதான். கோதுமை, பால், வெண்ணெய், சர்க்கரை போன்ற பொருள்களுக்கு உறுதியளிக்கப்பட்ட ஒரு விலை. சந்தை விலை அதற்குக் கீழே போனால் அரசு நிறுவனங்கள் கொள்முதல் செய்யும். வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லையில் வரி. உள்ளூர் விலை உலக விலையைவிட அதிகம் என்பதால், ஏற்றுமதி செய்கிறவருக்கு இடைப்பட்ட வித்தியாசம் மானியமாகக் கிடைக்கும். உற்பத்தி பெருகியது. அடுத்து தேவையை மீறியது. 1970-களின் இறுதியில் கிடங்குகளில் வெண்ணெயும் பால்மாவும் மலையாகக் குவிந்தன. 1980-களின் நடுவில் ஐரோப்பியச் சமூகத்தின் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு விவசாயத்துக்கே போயிற்று.

அந்தப் பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது? விலை வழியாக மானியம் கொடுத்தால், அதிகம் விற்பவருக்கு அதிகம் கிடைக்கும். ஐந்து டன் கோதுமை விற்றவருக்கு ஐந்து டன்னுக்கான பயன், ஐந்நூறு டன் விற்றவருக்கு அதைப்போல் நூறு மடங்கு. கொள்கையின் முகப்பில் நின்றவர் மலையடிவாரத்துச் சிறு உழவர். பெரும் பயன் சமவெளியின் பெரும் பண்ணைகளுக்கும், சர்க்கரை ஆலைகளுக்கும், ஏற்றுமதி வணிகருக்கும் போனது. சிறு உழவர்கள் தலைமுறை தலைமுறையாக நிலத்தைவிட்டு வெளியேறிக்கொண்டே இருந்தார்கள்.

ஆனால் இதைப் பெயர் சொல்லி நிரூபிக்க எவராலும் முடியவில்லை. ரொட்டியின் விலைக்குள் கலந்துபோன மானியத்துக்குப் பயனாளிப் பட்டியல் என்று ஒன்று இருக்க முடியாது.

பட்டியல் உருவான கதை

அந்தப் பட்டியல் உருவானது 1992-ல். அப்போது விவசாய ஆணையராக இருந்தவர் அயர்லாந்தின் ரே மக்ஷாரி. தானியத்துக்கு உறுதியளித்த விலையை அவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தார். அந்த இழப்பை ஈடுகட்ட, பயிரிட்ட பரப்புக்கு ஏற்ப, ஹெக்டேருக்கு இவ்வளவு என்று உழவருக்கு நேரடியாகப் பணம் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

நேரடியாகப் பணம் கொடுத்தால் போலிக் கணக்கு வரும். இல்லாத நிலத்தைக் காட்டிப் பணம் வாங்குவார்கள், ஒரே வயலை இருவர் காட்டுவார்கள். இதைத் தடுக்க ஒவ்வொரு நாட்டிலும் ஒருங்கிணைந்த பதிவு முறை ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். உழவர் ஆண்டுதோறும் தன் வயல்களை ஒவ்வொன்றாக அறிவிக்க வேண்டும். அதிகாரிகள் வான்வழிப் படங்களோடும் செயற்கைக்கோள் படங்களோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மோசடியைத் தடுக்க வந்த இந்த ஏற்பாடுதான் வரலாற்றில் முதன்முறையாக, யாருக்கு எவ்வளவு என்ற முழுக் கணக்கையும் அரசுக் கணினிகளுக்குள் கொண்டுவந்தது. பெயர், ஊர், நிலத்தின் அளவு, தொகை எல்லாம் அதில் இருந்தன. குடிமக்களுக்கு மட்டும் அதைப் பார்க்க வழியில்லை.

2003-ல் ஆணையர் ஃபிரான்ஸ் ஃபிஷ்லர் இன்னொரு பெரிய மாற்றம் செய்தார். என்ன பயிர், எவ்வளவு விளைச்சல் என்பதோடு மானியத்துக்கு இருந்த தொடர்பு பெரும்பாலும் அறுந்தது. பல நாடுகளில் 2000 முதல் 2002 வரை ஒரு பண்ணை எவ்வளவு வாங்கியதோ, அதையே அடிப்படையாகக் கொண்டு இனிமேல் கொடுக்க வேண்டியதைக் கணக்கிட்டார்கள். முன்பு நிறைய வாங்கியவருக்கு அது உரிமையாகவே தொடர்ந்தது.

நேரடி மானியத்தில் ஏறத்தாழ 80 சதவீதம், வாங்குவோரில் ஏறத்தாழ 20 சதவீதம் பேருக்கே போகிறது என்பது ஐரோப்பிய ஆணையத்தின் சொந்தப் புள்ளிவிவரம். ஒளித்துவைத்த ஆவணம் அல்ல அது, ஆணையமே வெளியிட்டது. ஒரு பண்ணைக்கு ஆண்டுக்கு 3 லட்சம் யூரோவுக்கு மேல் தரக்கூடாது என்று 2002-ல் ஃபிஷ்லர் முன்மொழிந்தபோது, பெரும் பண்ணைகள் நிறைந்த ஜெர்மனியும் பிரிட்டனும் எதிர்த்தன. இறுதிச் சட்டத்தில் அந்த உச்சவரம்பு இல்லை. 80க்கு 20 என்ற கணக்கு எல்லோர் கையிலும் இருந்தும் பெரிய கிளர்ச்சி எதுவும் எழவில்லை. அந்த இருபது சதவீதம் யார் என்று தெரியாத வரையில், மானியத்தைக் குறைக்கலாமா என்ற ஒவ்வொரு விவாதத்திலும் சிறு உழவரையே முன்னால் நிறுத்தி வாதாட முடிந்தது.

டென்மார்க்கில் திறந்த கதவு

2004-ல் டென்மார்க்கில் முதல் கதவு திறந்தது. அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமை அங்கே சட்டத்தில் உண்டு. நில்ஸ் முல்வாட் போன்ற பத்திரிகையாளர்கள் அந்தச் சட்டத்தின் கீழ் மானியக் கணக்கைக் கேட்டு வாங்கினார்கள். நூறு பக்கத் தாளாகக் கேட்காமல், கணினியில் அலசக்கூடிய தரவாகவே கேட்டது அவர்கள் செய்த முக்கியமான வேலை. தரவாக இருந்தால்தான் கூட்டவும் வரிசைப்படுத்தவும் ஒப்பிடவும் முடியும். அமைச்சர்கள் சிலரும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரும் மானியம் வாங்குகிறார்கள் என்பது அப்போது வெளியே வந்தது. மானியத்தின் அளவை முடிவு செய்யும் அவையில் அதைப் பெறுபவர்களும் இருந்தார்கள். அவர்கள் சட்டத்தை மீறவில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் வாக்களிப்பவருக்கு, தன் பிரதிநிதி யாருக்காகப் பேசுகிறார் என்று எப்படித் தெரியும்?

அடுத்தது பிரிட்டன். அங்கே தகவல் அறியும் சட்டம் 2005 ஜனவரி 1 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மூன்றே மாதத்துக்குள் மானியப் பட்டியல் வெளியானது. சாண்ட்ரிங்ஹாமில் உள்ள தன் பண்ணைகளுக்காக ராணி எலிசபெத் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 4 லட்சம் பவுண்டு பெற்றிருந்தார். இளவரசர் சார்லஸின் நிலங்களுக்கும், நாட்டின் மிகப் பெரும் நிலக்கிழார்களில் ஒருவரான வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனின் பண்ணைக்கும் மானியம் போயிருந்தது. எல்லோரையும்விட அதிகம் பெற்றது டேட் அண்ட் லைல் என்ற சர்க்கரை நிறுவனம். ஏற்றுமதி மானியமாக அதற்கு ஓராண்டில் கிடைத்தது 10 கோடி பவுண்டுக்கும் மேல். பத்தாண்டுகளாகப் பொருளாதார நிபுணர்கள் வரைபடம் போட்டுச் சொல்லியும் உறைக்காத ஒன்று, ஒரே காலைப் பத்திரிகையில் மக்களுக்கு உறைத்தது.

அதே ஆண்டு நெதர்லாந்தும் பட்டியலை வெளியிட்டது. அந்நாட்டு விவசாய அமைச்சர் கேஸ் வேர்மன் மானியம் பெறுவதும் அப்போது தெரிந்தது.

நாடு நாடாகப் போவதைவிட ஐரோப்பிய ஆணையம் இருக்கும் பிரஸ்ஸல்ஸிலேயே கேட்டால் என்ன என்று ஒருவர் நினைத்தார். டேனிஷ் நாளிதழ் ஒன்றின் செய்தியாளர் பிரிகிட்டே ஆல்ஃப்டர் அவர். தணிக்கைக்காக எல்லா நாடுகளின் தரவும் ஆணையத்தின் கணினியில் இருப்பது அவருக்குத் தெரியும். விண்ணப்பித்தார், மறுத்தார்கள். ஐரோப்பியக் குறைதீர்ப்பாளரிடம் முறையிட்டார். முல்வாட்டும் ஆல்ஃப்டரும், முன்பு பிரிட்டிஷ் விவசாய அமைச்சருக்கு ஆலோசகராக இருந்த ஜாக் தர்ஸ்டனும் சேர்ந்து, 2005-ல் எல்லா நாடுகளின் மானியக் கணக்கையும் ஒரே இடத்தில் திரட்டும் வலைப்பின்னல் ஒன்றைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர்ப் பத்திரிகையாளர் தன் மொழியில், தன் நாட்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டார். ஒரு நாடு கொடுத்ததை மற்ற நாட்டிடம் காட்டி, நீங்கள் ஏன் தரக்கூடாது என்று கேட்டார்கள். விடாமல் கேட்டதுதான் அவர்கள் கையில் இருந்த ஒரே கருவி.

பட்டியல் சட்டமானது

இந்த அழுத்தம் ஆணையத்துக்குள்ளும் ஒருவரை அசைத்தது. எஸ்தோனியாவைச் சேர்ந்த ஆணையர் சீம் கல்லாஸ், 2005 நவம்பரில் வெளிப்படைத்தன்மைக்கான திட்டம் ஒன்றை முன்வைத்தார். ஐரோப்பிய நிதியைப் பெறுகிற எல்லோருடைய பெயரும் வெளியாக வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. 2006 டிசம்பரில் அது நிதி ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்தது. 2008 மார்ச்சில் விவசாய மானியத்துக்கான விரிவான விதிகள் வந்தன. பெயர், ஊர், அஞ்சல் குறியீடு, தொகை ஆகிய நான்கையும் ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் ஏப்ரல் 30-க்குள் இணையத்தில் வெளியிட வேண்டும். இரண்டு ஆண்டு அங்கே வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 5,000 கோடி யூரோவைத் தாண்டும் செலவின் கணக்கு அது.

2009 ஏப்ரல் 30 அன்று பட்டியல்கள் வெளிவந்தன. பிரான்சில் கோழி இறைச்சி ஏற்றுமதி செய்துவந்த டூ நிறுவனம் ஓராண்டில் 6 கோடி யூரோவுக்கு மேல் பெற்றிருந்தது. ஜெர்மனியின் மிட்டாய் நிறுவனம் ஹரிபோவின் பெயரும் இருந்தது. மிட்டாய்க்குள் சர்க்கரை இருக்கிறது, மிட்டாய் ஐரோப்பாவைவிட்டு வெளியே போகிறது, எனவே அந்தச் சர்க்கரைக்கு ஏற்றுமதி மானியம். கப்பல்களுக்கு உணவு வழங்கும் நிறுவனமும் இதே விதியின்படி, சின்னச் சின்ன சர்க்கரைப் பொட்டலத்துக்கும் பால் பொட்டலத்துக்கும் பணம் பெற்றிருந்தது. எல்லாம் விதிப்படி நடந்தவை. விதியே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பெயர்கள் வந்த பிறகுதான் சாதாரண வாசகர் பார்த்தார்.

ஜெர்மனி மட்டும் அன்று வெளியிடவில்லை. மாநில நீதிமன்றங்கள் முரணான உத்தரவுகள் தந்திருந்தன, உழவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. ஆணையம் எச்சரித்த பிறகு ஜூன் நடுவில் அது வெளியிட்டது. பவேரியா மாநிலம் அப்போதும் மறுத்து நின்றது. ஆணையம் விதிமீறல் நடவடிக்கை தொடங்க வேண்டியதாயிற்று.

எதிர்த்தவர்களின் நியாயம்

அந்த எதிர்ப்பை வெறும் ஒளிவுமறைவு என்று தள்ளிவிடக்கூடாது. ஐந்நூறு பேர் வாழும் கிராமத்தில் ஒருவருடைய பெயரும் தொகையும் வெளியானால், அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி ஊருக்கே தெரிந்துவிடும். நிலத்துக்கு உரியவர் அதைப் பார்த்துக் குத்தகையை ஏற்றலாம், கொள்முதல் செய்பவர் விலையைக் குறைத்துக் கேட்கலாம். அண்டை வீட்டாரின் பொறாமையும் சிறிய விஷயம் அல்ல. சம்பளக்காரரின் வருமானத்தை யாரும் இணையத்தில் போடுவதில்லையே என்று அவர்கள் கேட்டார்கள். ஜெர்மனியில் இதற்கு இன்னொரு ஆழமும் உண்டு. குடிமக்களைப் பற்றிக் கோப்பு எழுதிய இரண்டு சர்வாதிகாரங்களை ஒரே நூற்றாண்டில் கண்ட நாடு அது. 1983-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில், தன்னைப் பற்றிய தகவல் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என அதன் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லியிருந்தது.

ஹெஸ்ஸே மாநிலத்தில் ஒரு கூட்டுப் பண்ணையும் ஒரு தனி உழவரும் வழக்குத் தொடுத்தார்கள். வீஸ்பாடன் நிர்வாக நீதிமன்றம் கேள்வியை லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2010 நவம்பர் 9 அன்று நீதிமன்றத்தின் பேரமர்வு தீர்ப்புச் சொன்னது. பொதுப்பணம் எப்படிச் செலவாகிறது என்று மக்கள் அறிவது நியாயமான நோக்கம்தான் என்று அது ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த நோக்கம் தனிமனிதரின் தகவல் பாதுகாப்பைத் தானாகவே வென்றுவிடாது என்றது. எவ்வளவு தொகை, எத்தனை முறை, எத்தனை காலம், எந்த வகை உதவி என்று எந்த வேறுபாடும் பார்க்காமல் எல்லாத் தனிநபர்களின் பெயரையும் வெளியிட்டது அளவை மீறியது என்று சொல்லி, தனிநபர்களைப் பொறுத்தவரை அந்த விதிகளைச் செல்லாதவை ஆக்கியது. நிறுவனங்களைப் பொறுத்தவரை விதி செல்லும் என்றது.

இணையப் பக்கங்களிலிருந்து தனிநபர்களின் பெயர்கள் நீங்கின. 2011-ல் திருத்திய விதி நிறுவனங்களை மட்டும் பட்டியலில் வைத்தது. ஒரே அளவு நிலம், ஒரே அளவு மானியம். நிறுவனமாகப் பதிந்தவர் பட்டியலில் இருந்தார், தன் சொந்தப் பெயரில் வாங்கியவர் இல்லை. நூற்றுக்கணக்கான ஹெக்டேர் வைத்திருக்கும் நிலக்கிழாரும் இரண்டு பசு வளர்ப்பவரும் ஒரே திரைக்குப் பின்னால் போனார்கள். சின்னவருக்கு உரிய பாதுகாப்பு பெரியவருக்கும் கிடைத்தது. நான் தீர்ப்பைக் குறை சொல்லவில்லை. சட்டம் இயற்றியவர்கள் யோசிக்காமல் விட்டதை அது சுட்டிக்காட்டியது. குறை, அதைச் சரிசெய்ய எடுத்துக்கொண்ட ஆண்டுகளில்தான் இருக்கிறது.

1,250 யூரோ

2013 டிசம்பரில் வந்த புதிய சட்டம் விடையைக் கண்டுபிடித்தது. ஆண்டுக்கு அதிகபட்சம் 1,250 யூரோ வரை பெறும் சிறு பயனாளிகளின் பெயர் வெளியாகாது, அதற்குப் பதில் ஒரு குறியீடு இருக்கும். அதற்கு மேல் பெறும் எல்லோரும், தனிநபரோ நிறுவனமோ, பெயரோடு வருவார்கள். எந்தத் திட்டத்தின் கீழ் எதற்காகப் பணம் என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும். ஏன் வெளியிடுகிறோம் என்ற காரணங்களையும் சட்டத்தின் முகவுரையிலேயே விரிவாக எழுதினார்கள். 2015 மே மாதத்தில் பெயர்கள் மீண்டும் வெளிவந்தன.

1962 முதல் 2015 வரையிலான இந்த அரை நூற்றாண்டில் நான் காண்பது ஒன்றுதான். பட்டியலை மூடிவைத்தபோதெல்லாம் சிறு உழவருக்காகத்தான் என்று சொன்னார்கள். அந்த மூடலால் அவருக்கு நிலமும் மிஞ்சவில்லை, வருமானமும் கூடவில்லை. கணக்கு வெளியே வராமல் இருந்ததால் பயன் அடைந்தவர்கள், அவரைக் காட்டி வாங்கியவர்கள். உண்மையிலேயே அவரைக் காக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தபோது அதற்கு வழியும் கிடைத்தது. தொகைக்கு ஒரு எல்லை வைத்தார்கள். சிறியவரின் அந்தரங்கமும் காக்கப்பட்டது, மக்களின் உரிமையும் நிலைத்தது. அந்தரங்கமும் வெளிப்படைத்தன்மையும் ஒன்றுக்கொன்று பகை என்று யாராவது சொன்னால், எவ்வளவு தொகைக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும். பொதுப்பணத்தில் பெரும்பங்கு வாங்குகிறவர் பெயர் சொல்லி வாங்கட்டும்.

ஆனால் பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா? ஒரே முதலாளிக்குப் பத்து நிறுவனங்கள் இருந்தால், பட்டியலில் பத்துப் பெயர்கள் பத்து இடங்களில் இருக்கும். பின்னால் இருக்கும் ஒருவர் தெரியமாட்டார். மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் பழைய கூட்டுறவுப் பண்ணைகளின் நிலங்கள் சிலர் கைக்குள் போனபோது இந்தக் கேள்வி உயிரோடு விளையாடும் கேள்வியானது. 2018 பிப்ரவரியில் ஸ்லோவாக்கியாவில் யான் குசியாக் என்ற இளம் பத்திரிகையாளரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் அவர்களுடைய வீட்டில் சுட்டுக் கொன்றார்கள். அவர் முடிக்காமல் விட்டுப்போன கடைசிக் கட்டுரை, நாட்டின் கிழக்கில் ஐரோப்பிய விவசாய மானியம் வாங்கிய இத்தாலியக் குற்றக் கும்பலின் தொடர்புகளைப் பற்றியது. கொலைக்குக் காரணம் வேறிடத்தில் இருப்பதாக விசாரணை பின்னர் சொன்னது. ஆனால் அந்தக் கட்டுரை வெளியான சில வாரங்களுக்குள் பிரதமர் பதவி விலகினார். குசியாக் எந்தப் பட்டியல்களிலிருந்து அந்தத் தொடர்புகளைப் பிடித்தார், பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் உரிமையாளரை எப்படிக் கண்டார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)